புண்ணைத் திறக்கும் முன்: முற்றிய மார்பகப் புற்றுநோயில் ஒரு செவிலியப் பராமரிப்பு ஆய்வு

மார்பகப் புற்றுநோய் தோலைத் துளைத்து வெளியே வந்துவிட்ட ஒரு பெண்ணை மருத்துவமனை வார்டில் செவிலியர்கள் எப்படிப் பராமரித்தார்கள் என்பதைப் பற்றியது இந்த ஆய்வு. கற்பித்தலுக்காக எழுதியது. இதில் வருபவர் தனி ஒரு நோயாளி அல்ல. இத்தகைய புண்ணுடன் வருபவர்களிடம் திரும்பத் திரும்பக் காணப்படுபவற்றை ஒருவரின் கதையாகச் சேர்த்திருக்கிறேன். நான் சொல்ல வருவது ஒன்றுதான். பரிவைப் பெரும்பாலும் பேச்சிலும் புன்னகையிலும் தேடுகிறோம். டிரெஸ்ஸிங்குக்கு எவ்வளவு முன்பு வலி மருந்து கொடுத்தார்கள், ஒட்டிப்போன துணியை நனைத்து எடுக்கும் பொறுமை இருந்ததா, நோயாளி "வேண்டாம்" என்றபோது ஏன் என்று யாராவது கேட்டார்களா என்பதில்தான் அதைப் பார்க்க வேண்டும்.

நோயாளியும் நோயும்

அவருக்கு 54 வயது. பள்ளியில் கணக்கு ஆசிரியை. இடது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தும் ஏறக்குறைய ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. தோல் சிவந்து, இறுகி, வெடித்துக் கசியத் தொடங்கிய பிறகுதான் அக்காவிடம் காட்டினார். திசுப் பரிசோதனையில் புற்றுநோய் உறுதியானது. ஸ்கேனில் விலா எலும்புகளிலும் நுரையீரலிலும் பரவியிருந்தது. கீமோ கொடுத்ததில் சில மாதங்கள் கட்டி சுருங்கியது, பிறகு மீண்டும் வளர்ந்தது. அடுத்த வரிசை மருந்தும் பலன் தரவில்லை. இனி நோயைக் குணமாக்க முயல்வதைவிட வலியையும் தொல்லைகளையும் குறைப்பதே நோக்கம் என்று சிகிச்சைக் குழு முடிவு செய்திருந்தது. அந்த முடிவு கேஸ் ஷீட்டில் இருந்தது. அவரிடம் யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை.

வார்டில் சேர்த்தபோது புகார்கள் இவை: மார்பில் ஓயாத வலி, இடது கை வீக்கமும் எரிச்சலும், புண்ணிலிருந்து கடுமையான நாற்றம், டிரெஸ்ஸிங் மாற்றும்போது ரத்தக்கசிவு, தூக்கமின்மை, சாப்பிட முடியாமை.

முதல் இரண்டு நாட்களின் செவிலியர் குறிப்புகளைப் படித்தால் நான்கு மறுப்புகள் தெரியும். டிரெஸ்ஸிங் மறுக்கிறார். கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் மறுக்கிறார். சாப்பாடு மறுக்கிறார். பார்க்க வந்தவர்களைத் திருப்பி அனுப்புகிறார். ஷிப்ட் மாறும்போது வாய்மொழியாக இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: "கொஞ்சம் கஷ்டமான பேஷண்ட்." இப்படி ஒரு பெயர் விழுந்துவிட்டால் அடுத்த ஷிப்டில் வருபவர் அந்தப் பெயரைச் சுமந்தபடிதான் கட்டிலருகே போவார். சீக்கிரம் முடித்துவிட்டு வந்துவிடலாம் என்று தோன்றும். அந்த அவசரத்தில் டிரெஸ்ஸிங் இன்னும் வலிக்கும். அவர் இன்னும் பலமாக மறுப்பார்.

இந்தப் புண் ஏன் இப்படி

மார்பகம், கழுத்து, முகம் போன்ற இடங்களில் புற்றுநோய் தோலுக்குள் ஊடுருவும்போது அங்குள்ள சிறு ரத்தக்குழாய்களும் நிணநீர்க் குழாய்களும் சிதைகின்றன. ரத்தம் கிடைக்காத திசு அழுகுகிறது. ஆக்சிஜன் இல்லாத அந்த இடத்தில் வளரும் பாக்டீரியாக்கள் திசுவைச் சிதைத்து ஆவியாகும் கொழுப்பு அமிலங்களையும் புட்ரெசின், கடாவெரின் போன்ற பொருட்களையும் வெளியிடுகின்றன. நாற்றத்துக்கு மூலம் அதுதான். நோயாளி குளிக்காததோ சுத்தமாக இல்லாததோ காரணமில்லை. இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பலர் அந்த நாற்றத்தைத் தங்கள் குற்றமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கட்டியை இவ்வளவு நாள் மறைத்தோமே என்ற குற்ற உணர்வு இவரிடம் ஏற்கெனவே இருந்தது. நாற்றம் அதற்குக் கிடைத்த தண்டனை என்று அவர் நம்பியிருந்தார்.

இத்தகைய புண் பெரும்பாலும் ஆறாது. கட்டி அடங்கினால்தான் புண் அடங்கும். இதை ஏற்றுக்கொள்வது செவிலியருக்கும் சிரமம்தான், ஆறவைப்பதற்குத்தானே டிரெஸ்ஸிங் கற்றுக்கொள்கிறோம். இங்கே இலக்குகள் வேறு: வலி குறைய வேண்டும், நாற்றம் அடங்க வேண்டும், கசிவு உடையை நனைக்கக் கூடாது, ரத்தம் வரக் கூடாது, போர்வையைத் தாண்டி ஒருவர் வந்து கையைப் பிடிக்கும் நிலை வேண்டும். இவை சின்ன இலக்குகள் இல்லை.

மறுப்புகளுக்குப் பின்னால்

மூன்றாம் நாள் காலை மூத்த செவிலியர் ஒருவர் ட்ராலி இல்லாமல், கையுறை இல்லாமல், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் அருகே உட்கார்ந்தார். புண்ணைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "உங்களை நல்லா கவனிச்சுக்கணும்னா, உங்களைப் பத்தி நாங்க என்ன தெரிஞ்சுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், நோயாளியின் கண்ணியம் குறித்த தம் ஆய்வுகளிலிருந்து பரிந்துரைத்த கேள்வி இது. ஒரே கேள்விதான். ஆனால் படுத்திருப்பவரை ஒரு புண்ணாகப் பார்ப்பதிலிருந்து ஒரு மனிதராகப் பார்ப்பதற்கு அது நம்மை நகர்த்திவிடுகிறது.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "என்னை டீச்சர்னு கூப்பிடுங்க. இங்க வந்ததிலேர்ந்து பெட் நம்பர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க" என்றார். அன்றிலிருந்து வார்டில் அவர் டீச்சர்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வெளிவந்தது. டிரெஸ்ஸிங்கை மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். உலர்ந்து ஒட்டிப்போன பஞ்சுத் துணியை உரித்தெடுக்கும் வலி ஒன்று; அவர் அதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தார். இரண்டாவதை அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்: "திறக்கும்போது எல்லார் முகத்தையும் பார்ப்பேன் சிஸ்டர். ஒரு நொடி சுருங்கும். அப்புறம் சிரிப்பாங்க. அந்த ஒரு நொடிதான் தாங்க முடியல."

மார்ஃபினை மறுத்ததற்கும் இரண்டு காரணங்கள். ஒன்று, அது சாகப்போகிறவர்களுக்குக் கொடுப்பது என்று கேள்விப்பட்டிருந்தார். மற்றொன்று, முன்பு டிராமடால் என்ற வலி மருந்து எடுத்தபோது பல நாட்கள் மலம் போகாமல் தவித்தது. யாரையும் உள்ளே விடாததற்குக் காரணம் நாற்றம். சாப்பிடாததற்கும் அதுவே காரணம் என்றார். ஆனால் செவிலியர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தபோது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைப் படலம் படர்ந்திருந்தது. பூஞ்சைத் தொற்று. விழுங்கும்போது எரிந்தது, அவர் அதைச் சொல்லவே இல்லை. பெரிய நோய் ஒன்று இருக்கும்போது சிறிய தொல்லைகளைச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. அதனால் கேட்டால் மட்டும் போதாது, கண்ணால் பார்க்கவும் வேண்டும்.

மலச்சிக்கலும் சோர்வும் எலும்புப் பரவலும் சேர்ந்திருந்ததால் ரத்தத்தில் கால்சியம் கூடியிருக்கிறதா என்று பார்க்க மருத்துவரிடம் கேட்டார்கள். அளவு சரியாகவே இருந்தது. கால் பலவீனம், சிறுநீர் நிற்பது, புதிதாக முதுகுவலி ஆகியவை வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும் என்றும் குறித்து வைத்தார்கள். எலும்புக்குப் பரவியவர்களிடம் தண்டுவடம் நசுங்குவது தாமதிக்க முடியாத அவசரம்.

டிரெஸ்ஸிங்

பராமரிப்பின் கனம் முழுவதும் இங்கேதான் இருந்தது, அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நேரம். காலை ரவுண்ட்ஸுக்கு வசதியாக இருந்த நேரத்தை மாற்றி, டீச்சருக்கு எப்போது வசதி என்று கேட்டார்கள். காலை பதினொரு மணி என்றார். அப்படியானால் விரைவில் வேலை செய்யும் வகை மார்ஃபின் பத்தேகால் மணிக்குள் உள்ளே போயிருக்க வேண்டும். வாய்வழி மார்ஃபின் வேலை செய்யத் தொடங்க அரை மணி நேரம் ஆகும், உச்சத்துக்கு வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். மருந்தைக் கொடுத்த கையோடு துணியை உரித்தால் மருந்து கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. கொடுத்த நேரத்தைக் கட்டிலின் சார்ட்டில் எழுதினார்கள். மருந்து தாமதமானால் டிரெஸ்ஸிங்கும் தாமதமாகும், இதில் விதிவிலக்கு இல்லை என்று வார்டு பொறுப்பாளர் சொல்லிவிட்டார்.

அடுத்தது ஆட்கள். ஒவ்வொரு நாளும் வேறொருவர் வந்து புதிதாகப் புண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்க, இரண்டு செவிலியர்களுக்கு முதன்மைப் பொறுப்பு கொடுக்கப்பட்டது. ஒருவர் புண்ணைக் கவனிப்பார், மற்றவர் தலைமாட்டில் இருப்பார். தலைமாட்டில் இருப்பவருக்கு வேறு வேலை இல்லை. டீச்சரின் முகத்தைப் பார்ப்பது, பேச விரும்பினால் பேசுவது, விரும்பாவிட்டால் சும்மா இருப்பது. டீச்சர் வலது கையை உயர்த்தினால் எல்லாம் நிற்கும். காரணம் கேட்க மாட்டார்கள். முதல் நாள் அவர் பலமுறை கையை உயர்த்தினார். வலிக்காகக்கூட இல்லை, உண்மையிலேயே நிறுத்துகிறார்களா என்று பார்த்திருக்கலாம். போகப்போக அந்தக் கை தேவைப்படவே இல்லை.

செய்முறை இப்படி. மேல் துணியை எடுத்தபின் ஒட்டியிருக்கும் அடுக்கின் மேல் உடல் சூட்டுக்குக் கொண்டுவந்த சலைனை (உப்புநீரை) ஊற்றி ஊறவிடுவது. இழுக்காமல், தானாகக் கழன்று வரும்வரை காத்திருப்பது. புண்ணைப் பஞ்சால் தேய்க்காமல் சலைனை மெல்லப் பாய்ச்சிக் கழுவுவது; தேய்த்தால் சிதைந்த திசுவிலிருந்து ரத்தம் வரும், வலிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற எரிச்சலூட்டும் கரைசல்களைத் தவிர்த்தார்கள். நாற்றத்துக்கு, அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களை அழிக்கும் 0.75 சதவீத மெட்ரோனிடசோல் ஜெல். தொடக்கத்தில் அதே மருந்து மாத்திரையாகவும். புண்ணின் மேல் ஒட்டாத சிலிக்கோன் அடுக்கு, அதன் மேல் கசிவை உறிஞ்சும் தடித்த பட்டை, எல்லாவற்றுக்கும் வெளியே கரி சேர்ந்த டிரெஸ்ஸிங். கரி நனைந்தால் அதன் பலன் குறைந்துவிடும், அதனால் உறிஞ்சும் அடுக்கு ஊறிப்போகும் முன்பே மாற்ற வேண்டும். சுற்றியுள்ள தோல் கசிவில் ஊறி வெந்துபோயிருந்தது, அதற்குப் பாதுகாப்புப் படலம் தடவினார்கள். பிளாஸ்திரியைத் தோலில் ஒட்டாமல் மிருதுவான வலைத்துணிச் சட்டையால் பிடித்து நிறுத்தினார்கள்.

ரத்தம் கசிந்த இடங்களில் ரத்தக்கசிவை நிறுத்த உதவும் டிரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த காஸ் துணியை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். அதற்குமேல் கதிர்வீச்சு மருத்துவரிடம் பேசி, ரத்தக்கசிவைக் கட்டுப்படுத்த ஒரே தவணைக் கதிர்வீச்சும் கொடுக்கப்பட்டது. பெரிய ரத்தக்குழாய் திடீரென அரிக்கப்பட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்தார்கள்: அடர் நிறத் துணிகள் கட்டிலின் கீழ் இருக்க வேண்டும், மயக்கம் தரும் ஊசி மருந்து தயாராக எழுதப்பட்டிருக்க வேண்டும், யாரும் ஓடிப்போய் ஆள் கூப்பிடக் கூடாது, அவரைத் தனியே விடக் கூடாது. அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனால் திட்டம் இருந்ததால் இரவு ஷிப்டில் இருந்த இளம் செவிலியர்கள் பயமில்லாமல் அவர் அருகே போனார்கள்.

அப்புறம் முகம். இதற்குப் பயிற்சி வேண்டும் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. திறக்கும் முன் ஒரு கணம் நின்று மூச்சை வாயால் இழுத்துக்கொள்வது, முதலில் புண்ணைப் பார்க்காமல் டீச்சரின் கண்ணைப் பார்ப்பது, பார்த்ததை உள்ளபடி சொல்வது: "நேத்தைவிடக் கசிவு குறைஞ்சிருக்கு டீச்சர். ஓரத்துல ஒரு இடம் சிவந்திருக்கு, அதை மட்டும் கவனிக்கணும்." அவருக்குத் தகவல் வேண்டியிருந்தது. ஒன்றுமில்லை என்ற சமாதானம் வேண்டியிருக்கவில்லை. அறையில் வாசனைத் தெளிப்பான் அடிப்பதை நிறுத்தினார்கள். இரண்டு வாசனைகளும் கலந்து குமட்டல்தான் வரும், தவிர யாராவது தெளிப்பானைக் கையிலெடுத்தாலே நோயாளிக்குச் செய்தி போய்விடும். ஜன்னலைத் திறந்து வைத்தார்கள், கழற்றிய துணிகளை உடனே மூடிக் கட்டி அறையைவிட்டு வெளியேற்றினார்கள்.

நாற்றத்தையும் அளந்தார்கள். அறைக்குள் நுழைந்ததுமே தெரிகிறதா, கட்டிலருகே வந்தால் தெரிகிறதா, டிரெஸ்ஸிங்கைத் திறந்தால் மட்டும் தெரிகிறதா என்று தினமும் குறித்தார்கள். டீச்சரிடமும் கேட்டுக் குறித்தார்கள். ஒரு வாரத்துக்குள் அது முதல் நிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு வந்தது. எண்களோடு வாழ்ந்தவர் என்பதால் அந்தச் சார்ட்டை அவரே கேட்டு வாங்கிப் பார்த்தார்.

மார்ஃபின்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனில் செவிலியராகப் பயிற்சி பெற்று, பின்னர் சமூகப் பணியாளராகி, அதன்பின் மருத்துவமும் படித்தவர் சிசிலி சாண்டர்ஸ். வலி திரும்பி வருவதற்கு முன்பே, நேரம் தவறாமல் வாய்வழி மார்ஃபின் கொடுக்கும் பழக்கத்தை லண்டனின் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையில் கவனித்தார். 1967இல் அவர் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோஃபர்ஸ் ஹாஸ்பிஸில், அதாவது இறுதிக் காலப் பராமரிப்பு இல்லத்தில், அதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். உடல் வலி, மன வலி, குடும்பத்தையும் வாழ்வையும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் குறித்த தவிப்பு எல்லாம் சேர்ந்த முழு வலி என்ற கருத்தும் அவருடையதுதான். உலக சுகாதார நிறுவனம் 1986இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாய்வழியாக, கடிகாரப்படி, வலியின் அளவுக்கேற்பப் படிப்படியாக என்றே சொன்னது.

டீச்சரிடம் இதையெல்லாம் பாடமாக யாரும் நடத்தவில்லை. "மார்ஃபினைப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார் செவிலியர்.

"எடுத்தா அப்புறம் எழுந்திரிக்கவே மாட்டேன்னு."

"நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறாங்க டீச்சர். வலிக்கு ஏத்த அளவுல கொடுத்தா இது உயிரைக் குறைக்காது. முதல் ரெண்டு மூணு நாள் தூக்கம் வரும், அப்புறம் தெளிஞ்சிடும். மலச்சிக்கல் மட்டும் தானா போகாது, அதனால மருந்து ஆரம்பிக்கிற அன்னிக்கே மலமிளக்கியும் கொடுப்போம். பிடிக்கலைன்னா சொல்லுங்க, குறைச்சுக்கலாம்."

"அடிமையாகிட மாட்டேனா?"

"வலிக்காக எடுக்கிறவங்களுக்கு அந்தப் பயம் ரொம்பக் குறைவு. நிறுத்தணும்னா படிப்படியா நிறுத்துவோம்."

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 5 மில்லிகிராமில் தொடங்கினார்கள். வலிக் குறிப்பேட்டைப் பார்த்து 10 மில்லிகிராமுக்கு உயர்த்தினார்கள். நாளுக்கு மொத்தம் 60 மில்லிகிராம், இடையில் திடீரென வலி வந்தால் அதில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 10 மில்லிகிராம். கையில் சுரீரென்று ஓடும் எரிச்சல் நரம்பு வலி என்பதால் இரவில் கபாபென்டின் சேர்த்தார்கள். வீங்கிய கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, அந்தக் கையில் ஊசி போடுவதையும் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் தவிர்த்தார்கள். மூச்சு எண்ணிக்கையோடு தூக்கக் கலக்கத்தின் அளவையும் பார்த்தார்கள். மார்ஃபின் மிகுந்தால் மூச்சு குறைவதற்கு முன்பே கலக்கம் கூடும்.

வாய்க்குப் பூஞ்சை எதிர்ப்பு மருந்து, மென்மையான பிரஷ், உப்பும் சோடா உப்பும் கலந்த நீரில் கொப்பளிப்பு. சில நாட்களில் எரிச்சல் போய் அவர் தானாகவே சாப்பாடு கேட்டார்.

இரவில் ஒரு கேள்வி

இந்த வார்டில் முக்கியமான கேள்விகள் பெரும்பாலும் மருத்துவர் இல்லாத நேரத்தில்தான் வரும். நள்ளிரவு மருந்து கொடுக்க வந்த செவிலியரிடம் டீச்சர் கேட்டார்: "நான் நல்லாகித் திரும்ப ஸ்கூலுக்குப் போவேனா சிஸ்டர்?"

"கண்டிப்பா போவீங்க" என்று சொல்லியிருக்கலாம். "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே கதவைச் சாத்துவதுதான். அந்தச் செவிலியர் உட்கார்ந்தார். "உங்களுக்கு என்ன தோணுது டீச்சர்?"

"போக மாட்டேன்னுதான் தோணுது. ஆனா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க. என் பொண்ணு வந்தா சிரிச்சுட்டே இருக்கா. அவளுக்காக நானும் சிரிக்கிறேன்."

"ரெண்டு பேரும் தனித்தனியா சுமக்கிறீங்க போல."

அவர் அழுதார். செவிலியர் டிஷ்யூவை நீட்டவில்லை, தோளைத் தட்டி அழாதீர்கள் என்று சொல்லவும் இல்லை. அழுது முடிக்கும்வரை கூடவே இருந்தார். பிறகு, "நாளைக்கே டாக்டரை உட்கார்ந்து பேசச் சொல்றேன். எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நீங்கதான் முடிவு பண்ணணும். கூட யார் இருக்கணும்?" என்று கேட்டார்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கு 2000ஆம் ஆண்டில் வால்டர் பெய்லும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆறு படிகள் கொண்ட ஸ்பைக்ஸ் முறையில், நோயாளிக்கு ஏற்கெனவே என்ன புரிந்திருக்கிறது என்று அறிவதும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பதும், செய்தியைச் சொல்வதற்கு முந்தைய படிகள். அந்த இரவில் நடந்தது அதுதான். நோயின் போக்கைச் சொல்லும் பொறுப்பு மருத்துவருடையது, அதைச் செவிலியர் எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் உரையாடலுக்கு வேண்டியதில் பெரும்பகுதி இரவே தயாராகிவிட்டது.

முன்னதாக மகள் வாசலில் நிறுத்தி, "அம்மாகிட்ட எதுவும் சொல்லிடாதீங்க சிஸ்டர், உடைஞ்சு போயிடுவாங்க" என்று கெஞ்சியிருந்தாள். அவளுக்குக் கிடைத்த பதில்: "நாங்களா போய்ச் சொல்ல மாட்டோம்மா. ஆனா அவங்களே கேட்டா பொய் சொல்ல முடியாது. எதை நினைச்சு இவ்வளவு பயப்படுறீங்க?" மறுப்பும் இல்லை, தர முடியாத வாக்குறுதியும் இல்லை. அவள் பயந்தது அம்மா உடைவதற்கு மட்டுமல்ல, தான் உடைந்துவிடுவோம் என்பதற்கும்தான். மருத்துவரோடு பேசிய அன்று அம்மாவும் மகளும் சேர்ந்து அழுதார்கள். அதற்குப் பிறகு அந்தச் சிரிப்பு நாடகம் முடிந்தது.

வீட்டுக்குப் போவதற்கான ஏற்பாட்டில் டீச்சர் குழுவின் எண்ணத்தையே மாற்றினார். மகளுக்கு டிரெஸ்ஸிங் கற்றுக்கொடுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். "வேண்டாம். அவ என் பக்கத்துல உட்காரட்டும். இதைப் பார்த்துட்டு அவ மனசுல நான் இதுவாவே நின்னுடக் கூடாது" என்றார். அக்கா முன்வந்தார். தலைமாட்டில் ஒருவர், புண்ணருகே ஒருவர் என்ற அதே ஏற்பாடு வீட்டில் மகளும் அக்காவுமாக மாறியது. குடும்பத்தில் யார் எந்த வேலையைச் செய்வது என்பதை வசதியை வைத்து நாம் முடிவு செய்துவிடுகிறோம். அதை நோயாளியிடமும் கேட்க வேண்டும்.

வலி மூன்றுக்கும், டிரெஸ்ஸிங்கின்போது நான்குக்கும் இறங்கிய நிலையில் அவர் வீடு திரும்பினார்.

கடைசி நாட்கள்

சில வாரங்களில் மூச்சுத்திணறலுடன் மீண்டும் வந்தார். நுரையீரலில் நோய் கூடியிருந்தது. சாய்ந்து உட்காரும் நிலை, முகத்தில் காற்றுப் படும்படி சிறு மின்விசிறி, மார்ஃபினில் சிறு மாற்றம் ஆகியவை திணறலின் பதற்றத்தைக் குறைத்தன. முகத்தில் படும் குளிர்ந்த காற்று மூச்சுத்திணறல் உணர்வைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் காணப்பட்டது, செலவில்லாதது, குடும்பத்தினர் கையால் செய்யக்கூடியது. விழுங்க முடியாதபோது மார்ஃபினைத் தோலுக்கடியில் 24 மணி நேரத்துக்குச் செலுத்தினார்கள், வாய்வழி அளவில் பாதியாக. சிறுநீர் குறைந்து கைகளில் துடிப்பு தெரிந்ததும் மருத்துவர் அளவை இன்னும் குறைத்தார். சிறுநீரகம் தளரும்போது மார்ஃபினின் கழிவுகள் உடலில் தேங்கும்.

டிரெஸ்ஸிங்கில் இப்போது உள் அடுக்கைத் தொடவில்லை. நனைந்தால் வெளி அடுக்கை மட்டும் மாற்றினார்கள். தொண்டையில் சளி உருளும் சத்தம் கேட்டு மகள் பதறியபோது, அம்மாவுக்கு அது தெரியவில்லை என்று விளக்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். உயிர் பிரிந்தபின், குடும்பத்தினர் அருகில் வருவதற்கு முன், புண்ணைப் புதிதாக மூடி, கசியாதபடி கட்டி, சுத்தமான உடை அணிவித்தார்கள். மகள் எந்தத் தயக்கமும் இல்லாமல் அம்மாவின் மார்பில் முகம் வைத்து அழ முடிந்தது.

விவாதம்

இப்படிப்பட்ட ஆய்வை வார்டில் பேசும்போது முதலில் வரும் எதிர்ப்பு நேரம்தான். ஒரு செவிலியர் பல நோயாளிகளைப் பார்க்கும் இடத்தில் இது நியாயமான எதிர்ப்பு, அதைப் புறந்தள்ளக் கூடாது. தலைமாட்டில் நிற்க இரண்டாவது ஆள் வேண்டுமென்றால் ஆள் போட வேண்டும். அது நிர்வாகத்தின் பொறுப்பு, செவிலியரின் மனதை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடியது அல்ல. ஆனால் எல்லாமே நேரம் கேட்பவையும் அல்ல. 1999இல் லிண்டா ஃபோகார்ட்டியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் பரிவோடு பேசும் 40 விநாடிக் காட்சி சேர்ந்த வீடியோவைப் பார்த்த பெண்களுக்கு, அது இல்லாத வீடியோவைப் பார்த்தவர்களைவிடப் பதற்றம் குறைவாக இருந்தது. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களும் அந்தப் பெண்களில் இருந்தார்கள். மருந்தை முன்கூட்டியே கொடுப்பதற்கும் கூடுதல் நேரம் தேவையில்லை, வரிசையை மாற்றினால் போதும். மறுப்பும் சமாதானமுமாக முன்பு இழுத்துக்கொண்டே போன டிரெஸ்ஸிங், டீச்சரின் விஷயத்தில் பிறகு அமைதியாகவும் சீக்கிரமாகவும் முடிந்தது.

இரண்டாவது, இந்தப் பராமரிப்பு ஏன் இவ்வளவு தாமதமாகத் தொடங்கியது என்பது. பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் ஜெனிஃபர் டெமெல் குழுவினர் நடத்திய ஆய்வு 2010இல் வெளிவந்தது. நோய் கண்டறிந்த புதிதிலேயே, வலியையும் தொல்லைகளையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது, மனச்சோர்வு குறைந்தது. கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே நடந்தும், வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. வேறு வகைப் புற்றுநோய்க்கு இந்த எண்களை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கீமோ நடக்கும் காலத்திலேயே டீச்சரிடம் யாராவது மார்ஃபினைப் பற்றிய பயத்தைக் கேட்டிருக்கலாம்.

செவிலியர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இளம் செவிலியர் ஒருவருக்கு முதல் நாள் புண்ணைப் பார்த்ததும் குமட்டியது. வெளியே போய் அழுதார், தனக்கு இந்த வேலைக்கான மனம் இல்லை என்று முடிவே கட்டிவிட்டார். குமட்டல் உடலின் அனிச்சை, மனதின் குறை அல்ல என்று மூத்தவர் ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. அவரைச் சில நாட்கள் தலைமாட்டில் நிற்க வைத்தார்கள். புண்ணுக்கு முன் டீச்சர் அவருக்குப் பழக்கமானார், அதன்பின் புண்ணைப் பார்க்க முடிந்தது. அடுத்தவர் துன்பத்தைத் தாங்கித் தாங்கிச் செவிலியர்கள் வற்றிப்போவதை 1992இல் கார்லா ஜாய்ன்சன் பரிவுச் சோர்வு என்று எழுதினார். அதைத் தடுக்கத் தனிமனித உறுதி போதாது. டிரெஸ்ஸிங் முடிந்ததும் கைகழுவும் இடத்தில் இரண்டு நிமிடம் பேசிக்கொள்வது, கனமான பொறுப்பைச் சுழற்சியில் மாற்றுவது, இறப்புக்குப் பின் குழுவாக உட்கார்வது ஆகியவற்றைப் பணி நேரத்துக்குள்ளேயே வைக்க வேண்டும்.

இந்தப் பராமரிப்பில் எட்டாமல் போன ஒருவர் உண்டு. டீச்சரின் கணவர். ஒவ்வொரு நாளும் வார்டுக்கு வெளியே நின்றார், மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார், உள்ளே வரத் தயங்கினார். மகளையும் அக்காவையும் சுற்றியே எல்லாப் பேச்சும் நடந்ததால் அவர் கண்ணில் படவில்லை. அவருக்கும் நாற்றம்தான் தடையா, பயமா, அல்லது அவரை யாரும் கூப்பிடாததுதான் காரணமா என்பது கடைசிவரை கேட்கப்படவில்லை. இறப்புக்குப் பிந்தைய தொலைபேசி அழைப்பும் மகளுக்குத்தான் போனது. அதனால் சேர்க்கைப் படிவத்தில் உறவினர் பகுதியை மாற்றி எழுதப் பரிந்துரைக்கிறேன். கூட இருந்து பார்த்துக்கொள்பவர் யார் என்ற கேள்விக்குக் கீழே, வந்தும் உள்ளே வராமல் நிற்பவர் யார், அவரிடம் பேசியது யார், எந்தத் தேதியில் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். அந்த வரியை முதல் இரண்டு நாட்களுக்குள் நிரப்புவது முதன்மைப் பொறுப்புச் செவிலியரின் வேலையாக இருக்கட்டும்.